கூட்டத்தைத் தேடி: குடிநோயாளிகள் ஒருவரையொருவர் கண்டடைந்த வரலாறு

குடியை விட நினைக்கும் ஒருவர், அதை விட்டுவிட்ட இன்னொருவரோடு உட்கார்ந்து பேசி, அன்றைய பொழுதைக் குடிக்காமல் கடத்துவது என்ற எளிய ஏற்பாட்டின் மேல்தான் குடிநோயாளிகளின் உதவிக் குழுக்கள் நிற்கின்றன. அங்கே மருத்துவர் இல்லை, கட்டணம் இல்லை, வருகைப் பதிவேடு இல்லை. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., என்ற பெயரில் இத்தகைய குழுக்கள் இன்று ஏறத்தாழ 180 நாடுகளில் 1,20,000க்கு மேல் நடக்கின்றன. உறுப்பினர்கள் சுமார் 20 லட்சம் பேர் என்பது அந்த அமைப்பே சொல்லும் கணக்கு. இந்த ஏற்பாடு நிலைபெறுவதற்கு நூறு ஆண்டுகள் முன்பே ஒரு முறை தோன்றி, மளமளவென்று வளர்ந்து, அழிந்தும் போயிருக்கிறது.

1840 ஏப்ரலில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், சேஸ் என்பவரின் மதுக்கடையில் வழக்கமாகக் கூடும் ஆறு பேர் இனிக் குடிப்பதில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். தையல்காரர், தச்சர், கொல்லர் போன்ற கைத்தொழிலாளிகள் அவர்கள். நாட்டின் முதல் ஜனாதிபதியின் பெயரைத் தங்கள் சங்கத்துக்கு வைத்தார்கள். அதுவரை மது ஒழிப்பு பேசியவர்கள் பெரும்பாலும் பாதிரியார்களும் வசதி படைத்தவர்களும்தான். குடியில் மூழ்கியவரை இனி மீட்க முடியாது, மற்றவர்கள் அதில் விழாமல் காத்தால் போதும் என்பதே அவர்களில் பலருடைய எண்ணம். வாஷிங்டன் சங்கத்தார் அந்த எண்ணத்தைப் புரட்டிப் போட்டார்கள். வாராவாரம் கூடி, ஒவ்வொருவரும் தம் கதையைத் தாமே சொன்னார்கள். அடுத்த வாரம் வரும்போது குடிக்கும் ஒருவரைக் கூட்டிவர வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். சில ஆண்டுகளில் லட்சக்கணக்கானோர் கையெழுத்திட்டதாகச் சங்கம் அறிவித்தது. பெண்களுக்கென்று மார்த்தா வாஷிங்டன் சங்கங்கள் எழுந்தன. 1842 பிப்ரவரி 22 அன்று ஸ்பிரிங்ஃபீல்டு கிளையில் பேசியவர் இளம் வழக்கறிஞரான ஆபிரகாம் லிங்கன். குடித்தவர்களைப் பழித்துத் திருத்த முடியாது, நண்பராக அணுகினால்தான் முடியும் என்பது அவர் பேச்சின் சாரம்.

அந்தச் சங்கம் பத்தாண்டு முடிவதற்குள் ஏறக்குறைய மறைந்துவிட்டது. கையெழுத்திட்ட மறுநாள் என்ன செய்வது என்பதற்கு அதனிடம் தெளிவான வழிமுறை இருக்கவில்லை. மதுவைச் சட்டத்தால் தடுப்பதா, மனத்தால் திருத்துவதா என்ற அரசியல் சண்டை உள்ளே புகுந்தது. குடிக்காதவர்களும் பெருவாரியாகச் சேர்ந்தார்கள். உருக்கமாகப் பேசத் தெரிந்தவர்கள் ஊர் ஊராகப் போகும் மேடைப் பேச்சாளர்கள் ஆனார்கள். அவர்களில் பேர்பெற்ற ஜான் கஃப் 1845ல் நியூயார்க்கில் சில நாள் காணாமல்போய், குடித்த நிலையில் கண்டுபிடிக்கப்பட்டார். பத்திரிகைகள் அதைப் பெரிதாக எழுதின. அவர் பிறகு மீண்டு பல்லாண்டு பேசினார். ஆனாலும் ஒருவர் விழுந்தால் அவர் பெயரோடு கட்டப்பட்ட இயக்கமும் சேர்ந்து அடிபடும் என்பதை அந்தச் சம்பவம் காட்டிவிட்டது.

வாழ்நாளுக்கும் தொடமாட்டேன் என்ற ஒற்றைச் சத்தியத்தின் பலவீனம் தமிழ் வாசகர்களுக்குப் புதிதல்ல. பிள்ளை தலையில் அடித்துச் செய்த சத்தியமும், கோயிலில் கட்டிக்கொண்ட கயிறும் மனப்பூர்வமானவைதான். சபரிமலைக்கு மாலை போட்டவர் ஒரு மண்டலம் தொடாமல் இருந்துவிட்டு, மாலையைக் கழற்றிய வாரமே திரும்பிப் போவதைப் பல குடும்பங்கள் பார்த்திருக்கின்றன. விரத நாள்களில் அவரைக் காத்தது, கூட மாலை போட்டிருந்தவர்களின் துணையும் தினசரி ஒழுங்கும். பின்னால் வந்த குழுக்கள் கண்டுகொண்டதும் இதைத்தான்.

அடுத்த தொண்ணூறு ஆண்டில் பல முயற்சிகள் நடந்தன. ஜெனீவாவில் 1877ல் நீலச் சிலுவைச் சங்கம் தொடங்கியது. அமெரிக்காவில் குடிகாரர்களுக்கென்று தனிக் காப்பகங்களும் தங்கம் கலந்ததாகச் சொல்லப்பட்ட ஊசி மருந்துகளும் வந்து போயின. 1920ல் அங்கே மதுவிலக்கு நடைமுறைக்கு வந்து 1933 டிசம்பரில் ரத்தானது. அது ரத்தான மறு ஆண்டு இறுதியில்தான் நியூயார்க்கின் டவுன்ஸ் மருத்துவமனையில் பில் வில்சன் என்ற பங்குச்சந்தைக்காரர் கடைசி முறையாகக் குடிச் சிகிச்சைக்குச் சேர்ந்தார்.

வில்சனுக்கு அப்போது வயது 39. அவர் ஏற்கெனவே அங்கே பலமுறை சேர்ந்து திரும்பியவர். மருத்துவர் வில்லியம் சில்க்வொர்த் அவரிடம், இது ஒழுக்கக் கேடு அல்ல, உடம்பின் ஒவ்வாமையும் மனத்தின் விடாப்பிடியும் சேர்ந்த ஒரு நோய் என்று சொல்லியிருந்தார். ஒவ்வாமை என்ற விளக்கத்தை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. ஆனால் தன்னைக் கேவலமாக நினைத்துக்கொண்டிருந்த மனிதருக்கு நோய் என்ற சொல்லே பெரிய ஆறுதலாக இருந்தது. 1934 நவம்பரில் எபி தாச்சர் என்ற பழைய குடித்தோழர் அவர் வீட்டுக்கு வந்து, தான் குடிப்பதில்லை என்றார். லூதரன் பாதிரியார் ஃபிராங்க் புக்மன் தொடங்கிய ஆக்ஸ்ஃபோர்டு குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்தின் வழியில் தாச்சர் மீண்டிருந்தார். தன் குறைகளை இன்னொருவரிடம் ஒளிக்காமல் சொல்வது, தான் தீங்கு செய்தவர்களிடம் போய்ச் சரிசெய்வது, பிறருக்கு உதவுவது என்பவை அந்தக் குழுவின் பயிற்சிகள். டிசம்பரில் மருத்துவமனையில் இருந்தபோது தமக்கு ஓர் ஆன்மிக அனுபவம் ஏற்பட்டதாக வில்சன் பின்னர் எழுதினார். அதன் பிறகு அவர் குடிக்கவில்லை.

வெளியே வந்ததும் கண்ணில் பட்ட குடிகாரர்களையெல்லாம் திருத்தக் கிளம்பினார். ஐந்து மாதத்தில் ஒருவரும் திருந்தவில்லை. அவர் மட்டும் குடிக்காமல் இருந்தார். அனுபவத்தைப் பற்றி உபதேசம் செய்வதை நிறுத்தி, முதலில் நோயின் தன்மையைச் சொல்லும்படி சில்க்வொர்த் அறிவுரை சொன்னார்.

1935 மே மாதம் ஒரு வியாபார வேலையாக வில்சன் ஒஹையோ மாநிலத்தின் அக்ரன் நகருக்குப் போனார். வேலை தோற்றது. மே 11, சனிக்கிழமை. மேஃபிளவர் ஹோட்டலின் முன்கூடத்தில் ஒரு பக்கம் மது அருந்தகம், மறுபக்கம் ஊர்த் தேவாலயங்களின் பட்டியலும் தொலைபேசியும். தெரியாத ஊரில் தனியாக நின்ற அவருக்குக் குடிக்க ஆசை எழுந்தது. யாரையாவது திருத்துவதைவிடத் தான் குடிக்காமல் இருக்க இன்னொரு குடிகாரர் தனக்குத் தேவை என்பது அப்போதுதான் அவருக்குப் பட்டது. பட்டியலில் இருந்த ஒரு பாதிரியாரை அழைத்தார். அவர் தந்த பெயர்களைத் தொடர்ந்து அழைத்து, ஆக்ஸ்ஃபோர்டு குழுவைச் சேர்ந்த ஹென்ரியெட்டா சைபர்லிங்கை எட்டினார். அந்தப் பெண்மணிக்கு ஒரு குடிகார அறுவை மருத்துவரைத் தெரியும். அந்த மருத்துவருக்காக சைபர்லிங்கின் குழு பிரார்த்தித்துக்கொண்டிருந்தது.

அந்த மருத்துவர் பாப் ஸ்மித். ஆக்ஸ்ஃபோர்டு குழுக் கூட்டங்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் போய்க்கொண்டே குடித்துக்கொண்டும் இருந்தவர். மறுநாள் மாலை 5 மணிக்கு மனைவியோடு சைபர்லிங் வீட்டுக்கு வந்தார். கால் மணி நேரத்துக்கு மேல் இருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தவர், ஆறு மணி நேரத்துக்கு மேல் பேசினார். வில்சன் சொன்ன எந்தக் கருத்தும் அவருக்குப் புதிதாக இருக்கவில்லை. குடியைப் பற்றித் தன் பாஷையில் பேசிய முதல் மனிதர் இவர் என்பதே அவரைப் பிடித்து உட்காரவைத்தது. சில வாரம் கழித்து ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போன இடத்தில் ஸ்மித் மறுபடி குடித்தார். திரும்பி வந்தபின் அவர் கடைசியாகக் குடித்த நாள் 1935 ஜூன் 10 என்று குறிக்கப்பட்டு, அதுவே ஏ.ஏ. பிறந்த நாளாகக் கொள்ளப்படுகிறது. தொடக்க நாளை ஒருவர் விழுந்து எழுந்த நாளாக வைத்துக்கொண்டது இந்த அமைப்பின் குணத்தைச் சரியாகச் சொல்கிறது. அந்த மாதமே இருவரும் அக்ரன் நகர மருத்துவமனைக்குப் போய், செவிலியர்களை அடித்ததற்காகக் கட்டிலில் கட்டப்பட்டிருந்த ஒரு வழக்கறிஞரைச் சந்தித்தார்கள். அவர் மூன்றாவது உறுப்பினர் ஆனார்.

ஆக, முதல் சில ஆண்டுகளில் கூட்டத்தைத் தேடி யாரும் வரவில்லை. கூட்டம்தான் ஆளைத் தேடிப் போனது. உறுப்பினர்கள் இரண்டிரண்டு பேராக மருத்துவமனைக் கட்டிலுக்கும் சமையலறை மேசைக்கும் போனார்கள். அக்ரனில் ஒரு வீட்டிலும், புரூக்ளின் கிளின்டன் தெருவில் வில்சனின் வீட்டிலும் வாரக் கூட்டம் நடந்தது. நியூயார்க்கில் இருந்தவர்கள் 1937ல் ஆக்ஸ்ஃபோர்டு குழுவிலிருந்து பிரிந்தார்கள். 1939 ஏப்ரலில் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்ற புத்தகம் வெளிவந்தது. பன்னிரண்டு படிகள் என்ற வழிமுறை அதில்தான் முதலில் அச்சானது. குடியின் முன் தான் சக்தியற்றவர் என்று ஒப்புக்கொள்வதில் தொடங்கி, தன்னைத் தானே ஆராய்வது, செய்த தீங்குக்கு ஈடுசெய்வது, மற்றவரிடம் இச்செய்தியைக் கொண்டுபோவது என்று அது நீள்கிறது. கடவுள் என்ற சொல்லுக்குக் கடவுள் நம்பிக்கையில்லாத உறுப்பினர்கள் ஆட்சேபம் சொன்னதால், அவரவர் புரிந்துகொண்ட வகையில் என்ற தொடர் சேர்க்கப்பட்டது. இந்தத் திருத்தம் இல்லாமல் இந்து, பௌத்த, இஸ்லாமிய நாடுகளுக்கு இந்த அமைப்பு போயிருப்பது கடினம்.

புத்தகத்தில் ஒரு முகவரி இருந்தது: நியூயார்க், அஞ்சல் பெட்டி 658. தேடலின் திசை அங்கேதான் திரும்பியது. புத்தகம் முதலில் விற்கவில்லை. 1939 இலையுதிர் காலத்தில் கிளீவ்லாண்டு நகரின் ‘பிளெய்ன் டீலர்’ நாளிதழ் தொடர் கட்டுரைகள் வெளியிட்டதும் அந்த ஊரின் சின்னஞ்சிறு குழுவின் தொலைபேசி ஓயாமல் அடித்தது. ஒரு சில மாதமே குடிக்காமல் இருந்தவர்களும் புதியவர்களைப் பொறுப்பேற்க வேண்டிய நெருக்கடி. ஸ்பான்சர் எனப்படும் வழித்துணை முறை அங்கே வலுப்பட்டதற்கு அந்த நெருக்கடிதான் காரணம். 1941 மார்ச் 1 அன்று ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ இதழில் ஜாக் அலெக்சாண்டர் எழுதிய கட்டுரை வந்தபின் ஆயிரக்கணக்கான கடிதங்கள் குவிந்தன. ஆண்டுத் தொடக்கத்தில் சுமார் 2,000 ஆக இருந்த உறுப்பினர் தொகை ஆண்டு முடிவில் 8,000 ஆனது. கடிதம் எழுதியவர் ஊரில் குழு இல்லையென்றால், புத்தகத்தை அனுப்பி, பக்கத்தில் இருக்கும் இன்னொருவரின் பெயரையும் கொடுத்து, நீங்கள் இருவரும் சேர்ந்து தொடங்குங்கள் என்று எழுதினார்கள். விற்பனைப் பிரதிநிதியாக ஊர் சுற்றிய உறுப்பினர்களும் போன இடத்தில் குழுக்களை விதைத்தார்கள்.

மருத்துவமனைக் கதவு இன்னொரு வழி. குடிபோதையில் வருபவரைப் பொது மருத்துவமனைகள் சேர்க்கத் தயங்கிய காலம் அது. 1939 ஆகஸ்டில் அக்ரன் புனித தோமையார் மருத்துவமனையில் சேர்க்கைப் பொறுப்பிலிருந்த அருட்சகோதரி இக்னேஷியா, பாப் ஸ்மித்தின் நோயாளிகளைத் துணிந்து சேர்த்துக்கொண்டார். உடல் தெளியும் சில நாளில் ஏ.ஏ. உறுப்பினர்கள் வந்து கட்டிலருகே பேசினார்கள். இன்றைய போதை மீட்பு மையங்களின் அமைப்பில் பாதி அந்த வார்டிலேயே இருந்தது.

வளர்ச்சி வந்ததும் வாஷிங்டன் சங்கத்தை அழித்த அதே ஆபத்துகள் வந்தன. 1940ல் ஒரு பிரபல பேஸ்பால் ஆட்டக்காரர் தம் பெயரைச் சொல்லி ஏ.ஏ.வைப் புகழ்ந்தார், செய்தி நாடெங்கும் பரவியது. வில்சனே சில காலம் பெயரோடும் படத்தோடும் பத்திரிகைகளில் வந்தார். குழுக்கள் ஆளுக்கொரு விதி எழுதின. அத்தனை விதிகளையும் ஒன்றாகப் பொருத்தினால் யாருமே உறுப்பினராக முடியாது என்று பின்னர் வில்சன் குறிப்பிட்டார். 1945ல் அவர் வாஷிங்டன் சங்கத்தின் வீழ்ச்சியைப் பற்றி அமைப்பின் ‘கிரேப்வைன்’ இதழில் எழுதினார். மறு ஆண்டு அதே இதழில் வெளியான பன்னிரண்டு மரபுகள் 1950ல் கிளீவ்லாண்டில் கூடிய முதல் பன்னாட்டு மாநாட்டில் ஏற்கப்பட்டன. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே உறுப்பினர் ஆகும் தகுதி. வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை. மதுவிலக்கு உட்பட எந்தப் பொது விவகாரத்திலும் கருத்துச் சொல்வதில்லை. ஊடகத்தில் உறுப்பினர் என்று தன் முழுப்பெயரை வெளியிடுவதில்லை. இவற்றில் ஒவ்வொன்றின் பின்னாலும் நடந்த ஒரு தவறு இருக்கிறது. பெயர் மறைப்பு வெட்கத்துக்காக மட்டும் வந்தது என்று நினைப்பது சரியல்ல. தனிமனிதப் புகழிலிருந்து குழுவைக் காப்பது அதன் பெரிய நோக்கம். யேல் பல்கலைக்கழகம் தர முன்வந்த கௌரவப் பட்டத்தை வில்சன் இந்தக் கொள்கைக்காகவே மறுத்தார்.

கதவு எல்லாருக்கும் ஒரே அளவில் திறந்திருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெண்களைச் சேர்க்கத் தொடக்கக் குழுக்கள் தயங்கின. 1939ல் வந்து சேர்ந்த மார்ட்டி மேன், குடித்த பெண்ணுக்கு ஆணைவிடப் பலமடங்கு இழிவு என்ற நிலையை எதிர்த்து, 1944ல் குடிநோய் பற்றிய பொதுக் கல்விக்கென்று தேசிய அமைப்பைத் தொடங்கினார். கறுப்பின மக்களுக்கான தனிக் குழுக்கள் 1945ல்தான் உருவாயின. இனப்பிரிவினை நிலவிய நகரங்களில் வெள்ளையர் கூட்டங்கள் அவர்களை உள்ளே விடவில்லை. வீட்டார் நிலை வேறு. கணவர்கள் கூட்டத்தில் இருக்கும்போது சமையலறையில் காத்திருந்த மனைவிகள் தங்களுக்குள் பேசத் தொடங்கியதிலிருந்து 1951ல் அல்-அனான் பிறந்தது. வில்சனின் மனைவி லோயிஸ் அதை உருவாக்கியவர்களில் ஒருவர். குடிப்பவரை எப்படித் திருத்துவது என்ற கேள்வியை ஒதுக்கிவைத்து, அவர் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் தாம் எப்படி வாழ்வது என்று குடும்பத்தார் பேசுவது அங்கே நடக்கிறது. பதின்வயதுப் பிள்ளைகளுக்கான அலட்டீன் 1957ல் தொடங்கியது.

எல்லா நாடும் இந்த வடிவத்தை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. ஜப்பானின் டான்ஷுகாய் குழுக்கள் 1950களின் இறுதியில் தோன்றி 1963ல் தேசிய அளவில் இணைந்தன. அங்கே உண்மைப் பெயரோடு, மனைவியும் பிள்ளைகளும் பக்கத்தில் உட்கார, உறுப்பினர் கட்டணம் கட்டிக் கலந்துகொள்கிறார்கள். குரோஷியாவின் சாக்ரெப் நகரில் மனநல மருத்துவர் விளாதிமிர் ஹுதோலின் 1964ல் தொடங்கிய மன்றங்களிலும் குடும்பம் முழுவதும் உறுப்பினர்; பிற்பாடு அவை இத்தாலியில் வேரூன்றின. அமெரிக்காவிலேயே பெண்களுக்கென்று 1975ல் ஓர் அமைப்பும், கடவுள் பேச்சு இல்லாத வேறு அமைப்புகளும் வந்தன. அவற்றில் 1994ல் உருவான ஸ்மார்ட் ரிகவரி உளவியல் பயிற்சிகளை அடிப்படையாகக் கொண்டது.

இந்தியாவில் ஏ.ஏ. 1957ல் பம்பாயில் வேர் பிடித்தது. தமிழ்நாட்டின் நிலைமை தனியானது. ராஜாஜி அரசு 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. 1948ல் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. 1971ல் தளர்த்தப்பட்டு, மீண்டும் கொண்டுவரப்பட்டு, 1980களின் தொடக்கத்தில் கைவிடப்பட்டது. மொத்த விற்பனைக்காக 1983ல் தோன்றிய டாஸ்மாக் 2003ல் சில்லறைக் கடைகளையும் எடுத்துக்கொண்டது. இத்தனை மாற்றத்திலும் விவாதம் கடையைத் திறப்பதா மூடுவதா என்பதிலேயே நின்றது. கடை திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் நோய்வாய்ப்பட்டிருந்த மனிதரைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு.

அந்தப் பேச்சைத் தமிழில் நிலைநாட்டியவர்களில் முதன்மையானவர் சாந்தி ரங்கநாதன். குடிநோயால் 1979ல் கணவரை இழந்த அவர், அமெரிக்காவின் ஹேசல்டன் மையத்தில் பயிற்சி பெற்று, 1980ல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று மக்கள் அறிவது இதைத்தான். குடிப்பழக்கம் என்று சொல்லப்பட்டுவந்ததைக் குடிநோய் என்று சொல்லப் பழக்கியதில் அந்நிறுவனத்துக்குப் பெரும் பங்குண்டு. திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் அவர்கள் நடத்திய கிராம முகாம்கள், நகரத்து மருத்துவமனைக்கு வர முடியாதவர்களுக்கு ஊரிலேயே சிகிச்சை தர முடியும் என்று காட்டின. சாந்தி ரங்கநாதனுக்கு 1992ல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

இன்றைய கூட்டம் ஒன்றில் நடப்பது அக்ரனிலிருந்து அதிகம் மாறவில்லை. தேவாலயக் கூடம், பள்ளி வகுப்பறை, மருத்துவமனை அறை என்று கிடைத்த இடத்தில் ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம் நடக்கிறது. குடும்பத்தாரும் மற்றவர்களும் வரக்கூடிய திறந்த கூட்டம் ஒரு வகை. குடிநோயாளிகளுக்கு மட்டுமான மூடிய கூட்டம் இன்னொரு வகை. சிறு வாசிப்போடு தொடங்கி, ஒருவர்பின் ஒருவராக முதல்பெயரைச் சொல்லி, தான் குடிநோயாளி என்று அறிமுகம் செய்துகொண்டு பகிர்கிறார்கள். குறுக்கே பேசுவதோ அறிவுரை சொல்வதோ வழக்கமில்லை. புதிதாக வந்தவர் பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுப் போகலாம். செலவுக்கு ஒரு பை சுற்றிவரும், முடிந்தவர் போடலாம். கூட்டம் முடிந்து டீ குடிக்கும் அரை மணியில்தான் தொலைபேசி எண்கள் கைமாறுகின்றன. நள்ளிரவில் கை நடுங்கும்போது அழைப்பதற்கு அந்த எண்தான் உதவுகிறது. வாழ்நாள் சத்தியம் அங்கே கேட்கப்படுவதில்லை, இன்று ஒரு நாள் மட்டும் என்பதே கணக்கு. மறுபடி குடித்துவிட்டு வருபவரையும் யாரும் நீக்குவதில்லை.

இதனால் பலன் உண்டா என்ற கேள்விக்கு நீண்ட காலம் உறுதியான பதில் கிடைக்கவில்லை, பெயர் பதியாத கூட்டத்தில் ஆய்வு செய்வது எளிதல்ல. 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் தொகுத்து 2020ல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, ஏ.ஏ.வோடு இணைக்கும் முறைப்படியான சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருக்கச் செய்வதில் மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட மேலானது என்று கண்டது. எல்லாருக்கும் இது பொருந்தும் என்று அதற்குப் பொருளில்லை. நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அத்தகையவருக்கு முதலில் மருத்துவமனை, பிறகுதான் கூட்டம். இக்னேஷியாவின் வார்டிலும் இதே வரிசைதான் இருந்தது.

கூட்டத்தைக் கண்டுபிடிக்கும் வழிகள் காலத்தோடு மாறின. அஞ்சல் பெட்டி போய், நாளிதழின் சிறு விளம்பரமும் தொலைபேசிச் சேவையும் வந்தன. அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவும் போதை மீட்பு மையங்களும் இன்று வழிகாட்டுகின்றன. மத்திய அரசின் கட்டணமில்லா உதவி எண் 14446. 2020ல் கொரோனா ஊரடங்கு கூடங்களைப் பூட்டியபோது, குழுக்கள் சில நாளிலேயே கைபேசித் திரைக்கு மாறின. வெளியூரில் வேலை பார்ப்பவரும், வீட்டை விட்டு வர முடியாத பெண்களும், பக்கத்தில் குழு இல்லாத ஊர்க்காரரும் அப்படி முதன்முறையாக உள்ளே வந்தார்கள். கூடங்கள் திறந்த பின்னும் பல இடங்களில் இரண்டு வகைக் கூட்டமும் தொடர்கின்றன.